சாமை குத்தின கை

என் வீட்டுக்காரருக்கு வருஷத்துக்கு ஒரு தடவை ஞானோதயம் உண்டாகும். ஒரு வருஷம் யோகாசனம்; அடுத்த வருஷம் மாடித் தோட்டம். 2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாட வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபை சொன்னாலும் சொன்னது, இவருக்குச் சாமைப் பித்துப் பிடித்துக்கொண்டது. மற்றப் பித்தெல்லாம் ஆறு மாசத்தில் தெளிந்துவிடும். இது மட்டும் இன்னும் தெளியவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் கையில் ஒரு பொட்டலத்தோடு வந்தார். "இதோ பார், நம் முன்னோர் சாப்பிட்ட சாப்பாடு! இதை விட்டுத்தான் நாம் கெட்டோம். அந்தக் காலத்துப் பெண்கள் இதைத்தான் சமைத்தார்கள். இந்தக் காலத்துப் பெண்களுக்கு எல்லாம் சுலபமாக வேண்டும்" என்றார்.

கடைசி வாக்கியம் யாருக்காகச் சொல்லப்பட்டது என்பது சகோதரிகளுக்குச் சொல்லாமலே விளங்கும். நான் வாயைத் திறக்கவில்லை. பொட்டலத்தை வாங்கி, கல் பொறுக்க ஒரு தட்டில் கொட்டி, தட்டை அவர் மடியில் வைத்துவிட்டு, தோசைக்கு அரைக்கப் போய்விட்டேன்.

இந்தப் பேச்சுக்கு நியாயமான பதில் ஒன்று எனக்குப் பிறகு கிடைத்தது. நான் தேடிப் போகவில்லை. கொல்லிமலை அடிவாரத்தில், புளியஞ்சோலையில், ஒரு கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது.

*

புளியஞ்சோலை எங்கே என்று கேட்கும் சகோதரிகளுக்காக இரண்டு வார்த்தை. கொல்லிமலை என்றதும் நாமக்கல் பக்கத்துச் சாலையும், அதில் வருகிற 70 கொண்டை ஊசி வளைவுகளும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். எங்களுக்கு அந்தத் தலைசுற்றல் இல்லை. திருச்சியிலிருந்து துறையூர், உப்பிலியபுரம் வழியாகச் சமதரையிலேயே சுமார் 70 கிலோமீட்டர் போனால், சாலை மலையின் காலடியில் முடிந்துவிடுகிறது. அதுதான் புளியஞ்சோலை. மலைமேல் அறப்பளீசுவரர் கோயிலுக்குக் கீழே ஆகாய கங்கையாக விழுகிற அய்யாறு, பாறைகளுக்கு நடுவே தவழ்ந்து இங்கேதான் இறங்கி வருகிறது. மரநிழல், சில்லென்ற தண்ணீர், கட்டுச்சோற்று மூட்டையைக் கவனித்தபடி நாலு குரங்குகள். ஒரு நாள் பொழுதுக்கு வேறென்ன வேண்டும்?

நாங்கள் மூன்று பேர் போயிருந்தோம். நான், அவர், கல்லூரியில் தாவர சாஸ்திரம் படிக்கிற எங்கள் பெண். குளித்துவிட்டு, புளியோதரையும் தயிர்சாதமும் முடித்துவிட்டு, கரையோரம் நடந்தபோது அந்தக் கூடை கண்ணில் பட்டது. அதில் ஒரு சீப்பு மலைவாழைப்பழம், கொஞ்சம் மிளகு, ஒரு துணி மூட்டை. பக்கத்தில் பழுப்பு ரோமம் போர்த்திய விசித்திரமான கிழங்குகள். முதலில் ஆட்டுக்கால் என்று நினைத்து இரண்டடி தள்ளி நின்றேன்.

"பயப்படாதே கண்ணு, அது கால் இல்லே, கெழங்கு. முடவாட்டுக்கால்" என்று சிரித்தாள் கூடைக்காரி. எழுபது வயது தாண்டியிருக்கும். எங்கள் பக்கத்தில் பாட்டி என்போம். இந்தப் பக்கத்தில் ஆயா. மலைமேல் ஒரு சிற்றூர் அவளுக்கு. கீழே கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்க வந்தவள், வந்த கையோடு நாலு காசு பார்த்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்திருந்தாள்.

துணி மூட்டையில் என்ன என்று இவர் கேட்டார். "சாமைங்க" என்றாள் ஆயா.

அவ்வளவுதான்! கோயிலில் தீபாராதனை பார்த்தவர் மாதிரி இவர் முகம் மலர்ந்துவிட்டது. முன்னோர், ஆரோக்கியம், இந்தக் காலத்துப் பெண்கள் என்று பிரசங்கம் ஆரம்பமாயிற்று. ஆயா பொறுமையாகக் கேட்டாள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எல்லாஞ் சரிங்க சாமி. குத்துறது யாரு?"

*

இந்தக் கேள்வியின் அர்த்தம் எனக்கே உடனே விளங்கவில்லை. மகள் வீடு நாலு எட்டில்தான் இருக்கிறது, வந்து ஒரு வாய் மோர் குடியுங்கள் என்று அழைத்துப் போனாள். வாசலில் ஒரு கல் உரல். அதில் கோழிகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. ஆயா தண்ணீரைச் சாய்த்து, உரலைத் துடைத்து, வெயிலில் சற்றுக் காயவிட்டாள். பக்கத்து வீட்டிலிருந்து பூண் போட்ட உலக்கை வந்தது. மூட்டையில் இருந்தது கோழிக்குஞ்சுகளுக்காகக் கொண்டுவந்த, உமி போகாத சாமை. அதில் இரண்டு படியை உரலில் கொட்டி, உலக்கையை இவர் கையில் கொடுத்தாள். "நீங்களே குத்துங்க சாமி."

இவர் மீசையைத் தடவிக்கொண்டு ஆரம்பித்தார். ஐந்து நிமிஷத்தில் சட்டை நனைந்தது. பத்து நிமிஷத்தில் உலக்கை நின்றது. சாமை மணி கடுகைவிடக் கொஞ்சம்தான் பெரிது. உலக்கைக்கு அடியில் அகப்படாமல் வழுக்கி ஓடுகிறது. ஓங்கிக் குத்தினால் நொய்யாகிறது. மெதுவாகக் குத்தினால் உமி அப்படியே இருக்கிறது. ஆயா அதை அள்ளி முறத்தில் போட்டுப் புடைத்தாள். பாதிக்கு மேல் தோலோடு நின்றது. "இது முதக் குத்து. இன்னும் ரெண்டு குத்து இருக்குது" என்றாள்.

ஒரு குத்து, ஒரு புடை. மறுபடி குத்து, மறுபடி புடை. பிறகு தண்ணீரில் இட்டுக் கல் அரிக்க வேண்டும். ஏனென்றால் மண்களத்தில் அடித்த தானியம். வீட்டில் எட்டுப் பேர் என்றால் எட்டுப் பேருக்கும் இப்படி. இன்று குத்தினது இன்றைக்கும் நாளைக்கும்தான். கோழி கூவும்போது உரலடிக்குப் போனால் விடியும்போது உலை வைக்கலாம். அதன் பிறகு காட்டு வேலை.

"எம் மக வயசுக்கு வந்தப்பவே சொல்லிட்டா கண்ணு. உரல் குத்தாத வூடாப் பாத்துக் குடு, மாப்பிள்ளை எப்படி இருந்தாலுஞ் சரின்னு. அதான் கீழ்நாட்டுல குடுத்தேன். இங்கே நெல்லு மில்லுக்குப் போவுது" என்றாள் ஆயா. மகள் உள்ளே மோர் கலக்கிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே, "பொய்யில்லேங்க" என்றாள்.

*

கொல்லிமலையின் மேல்தளம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1000 முதல் 1300 மீட்டர் உயரம். அங்கே வாழ்கிறவர்கள் மலையாளிகள் என்று பெயர் பெற்ற பழங்குடி மக்கள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை; மலையை ஆளுகிறவர்கள் என்பதால் அந்தப் பெயர். தங்கள் மூதாதையர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தார்கள் என்பது இவர்களிடையே வழங்கும் கதை. கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. இன்றும் ஆடிப்பெருக்கை ஒட்டி அவன் பெயரில் மலைமேல் விழா நடக்கிறது.

இந்த மலையில் சாமை என்றால் ஒரே சாமை இல்லை. கட்டவெட்டுச் சாமை, மல்லிச் சாமை, வெள்ளப்பெருஞ்சாமை என்று வகைகள் உண்டு. தினையிலும் செந்தினை, பெருந்தினை என்று பல. கேழ்வரகிலும் அப்படியே. நாம் புடவையில் காஞ்சிபுரம், ஆரணி, சின்னாளப்பட்டி என்று பிரித்துச் சொல்வதைப் போல அவர்கள் தானியத்தைப் பிரித்துச் சொல்கிறார்கள். இது சரளை மண்ணுக்கு, இது மழை குறைந்தால், இது சோற்றுக்கு, இது மாவுக்கு! விளைந்ததைச் சேர்த்து வைக்கத் தொம்பை உண்டு. மூங்கிலும் மண்ணுமாகக் கட்டிய உயரமான குதிர் அது.

சாமையும் தினையும் சோறாகப் பொங்குவதற்கு. கூட மொச்சைக் குழம்போ, கீரைக் கடைசலோ போதும். கேழ்வரகு களிக்கும் கூழுக்கும். ஆடி மாசத்தில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவது மலைக்கும் நாட்டுக்கும் பொதுவான வழக்கம்தானே? தேனில் பிசைந்த தினைமாவு முருகனுக்கு. இதில் ஒன்றைக் கவனியுங்கள். கேழ்வரகுக்கு இறுகப் பற்றிய உமி கிடையாது. காயவைத்துத் திரித்தால் மாவு. சாமைக்கும் தினைக்கும் வரகுக்கும் உமியை நீக்கியே ஆகவேண்டும். நாட்டுப்புறத்தில் கேழ்வரகு நிலைத்ததற்கும், மற்றவை மெல்ல மறைந்ததற்கும் இந்த உமி ஒரு முக்கியமான காரணம். ருசி மாறியதால் மட்டும் போகவில்லை, சகோதரிகளே. தோள்வலியால் போயிற்று.

வள்ளி தினைப்புனம் காத்தாள், ஆலோலம் பாடினாள், கிழவராக வந்த முருகனுக்குத் தேனும் தினைமாவும் தந்தாள் என்று எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்! அந்தத் தினையை மாவாக்குவதற்கு முன் எத்தனை குத்து குத்தினாள் என்று ஒரு கதாகாலட்சேபத்திலாவது சொன்னார்களா? நம் பழைய இலக்கியத்தில் வள்ளைப் பாட்டு என்று உலக்கைக்கென்றே ஒரு பாட்டு வகை இருக்கிறது. வேலையின் பாரம் தெரியாமல் இருக்கத்தானே பாட்டு?

*

இனி, சாமை மலையை விட்டு இறங்கின கதை.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது கடல் கடந்து வருகிற ஜவ்வரிசி நின்றது. சேலத்துப் பக்கத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்ய ஆரம்பித்தார்கள். தொழில் வளர்ந்தது; ஆலைகள் பெருகின; கிழங்குக்கு நல்ல கிராக்கி. அந்தக் கிராக்கி மலைமேலும் ஏறிற்று. மரவள்ளியை நட்டுவிட்டால் அதிகக் கவனிப்பு வேண்டாம். பிடுங்கி லாரியில் ஏற்றினால் கையில் ரொக்கம். சாமை விதைத்த காடெல்லாம் மரவள்ளிக் காடாயின.

நாம் வெயிலில் உட்கார்ந்து இட்ட ஜவ்வரிசி வடாமும், கல்யாணத்தில் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட பாயசமும் ஒரு மலையின் சாமைக்காட்டை விழுங்கியிருக்கிறது என்று அப்போது நமக்குத் தெரியுமா என்ன?

இரண்டாவது, ரேஷன் அரிசி. 2011 ஜூனிலிருந்து தமிழ்நாட்டில் ரேஷன் அரிசிக்கு விலையே இல்லை. குத்தவும் வேண்டாம், புடைக்கவும் வேண்டாம். இதற்காக மலைப் பெண்களைக் குறை சொல்கிறவர் யாராவது இருந்தால், முதலில் உலக்கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். என் வீட்டுக்காரர் சொல்லமாட்டார், கையில் கொப்புளம்.

*

மோர் குடித்து ஆசுவாசப்பட்ட பிறகு இவர், "என்ன இருந்தாலும் இதெல்லாம் நம் நாட்டுச் சொத்து!" என்று மறுபடி துவங்கினார். எங்கள் பெண் சும்மா இருப்பாளா? "அப்பா, சாமை நம்முடையது, வாஸ்தவம். கேழ்வரகு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. மரவள்ளி தென் அமெரிக்கா. தினையும் பனிவரகும் முதலில் பயிரானது வட சீனத்தில்!" என்றாள்.

நான்கூடத் திகைத்துவிட்டேன். முருகனுடைய தினையா சீனாக்காரருடையது? பெண் விடவில்லை. வட சீனத்தில் சீஷான் என்ற இடத்தில், சுமார் 8000 ஆண்டுகளுக்கு முன்பே தினை வகைத் தானியங்களைக் குழி வெட்டிச் சேமித்திருக்கிறார்கள். நம் தொம்பை மேலே நிற்கிறது, அவர்களுடையது மண்ணுக்குள். பனிவரகுக்குச் சமஸ்கிருதத்தில் சீனகம் என்று பெயராம். பெயரிலேயே ஊர் இருக்கிறது! தானியத்தையும் மண்ணையும் தெய்வமாக வைத்துச் சக்கரவர்த்திகள் பூஜை செய்த மேடை பீஜிங் நகரத்தில் இன்றும் இருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. மஞ்சளாற்றங்கரையில் லாஜியா என்ற இடத்தில், சுமார் 4000 ஆண்டுகளுக்கு முன் பூகம்பத்திலும் வெள்ளத்திலும் புதைந்த ஒரு வீட்டில், கவிழ்ந்து கிடந்த ஒரு கிண்ணத்துக்கு அடியில் நூல் நூலாக இடியாப்பம் போன்ற பண்டம் அகப்பட்டது. தினையும் பனிவரகும் கலந்து செய்தது என்று 2005-இல் ஆராய்ச்சிக்காரர்கள் அறிவித்தார்கள். வேறு சிலர் ஆட்சேபித்தார்கள். தினைமாவில் பசையே இல்லையே, அதை எப்படி நீளமான இழையாக இழுக்க முடியும் என்பது அவர்கள் கேள்வி. பார்த்தீர்களா? கோதுமை மாவைப் பிசைகிற எந்தப் பெண்ணும் கேட்டிருக்கக்கூடிய கேள்விதான்.

வட சீனத்தில் பிள்ளை பெற்றவளுக்குத் தினைக் கஞ்சி கொடுப்பது பரம்பரை வழக்கம். பழுப்புச் சர்க்கரை போட்டு, கூட முட்டை. ஒரு மாசம் வெளியே போகக்கூடாது, குளிர்ந்த தண்ணீர் தொடக்கூடாது. எல்லாம் நம் பத்தியம் மாதிரியே! கஞ்சி ஆறும்போது மேலே படிகிற ஆடையை மகா சத்து என்று தனியாக எடுத்து வைப்பார்களாம். அவர்கள் பஞ்சாங்கத்தின் 12-ஆம் மாசம் 8-ஆம் நாள், தினை, அரிசி, பயறு வகைகள், இலந்தை போன்ற உலர்ந்த பழங்கள் எல்லாம் சேர்த்து ஒரு கஞ்சி காய்ச்சி அக்கம்பக்கத்துக்கும் கொடுப்பார்கள். அது பெரும்பாலும் நம் பொங்கலை ஒட்டியே வரும்.

இதையெல்லாம் ஆயாவுக்கு என் பெண் விளக்கிச் சொன்னாள். ஆயா ஆச்சரியப்படவில்லை. பழைய கேள்வியையே கேட்டாள். "அங்கே குத்துறது யாரு?"

இதற்கும் பதில் இருக்கிறது. வட்டமான கல்மேடை ஒன்று. அதன்மேல் உருளுகிற பெரிய கல் உருளை. அதைக் கழுதையைக் கட்டிச் சுற்ற விடுவார்கள். கழுதை இல்லாத ஏழை வீட்டில்? பெண்டுகளும் பிள்ளைகளும் தள்ளுவார்கள். ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன் ஹுவான் டான் என்ற சீனப் பண்டிதர் எழுதி வைத்திருக்கிறார். கையால் குத்துவதைவிடக் காலால் மிதித்துக் குத்தினால் பலன் பத்து மடங்கு. பிறகு கழுதை, மாடு, ஓடுகிற தண்ணீர் இவற்றால் குத்த வைத்தபோது பலன் நூறு மடங்கு என்று. தண்ணீர் உலக்கையைத் தூக்கித் தூக்கிப் போடுமாம்!

ஆயா வாசலுக்கு வெளியே தெரிகிற ஆற்றைப் பார்த்தாள். "இந்தத் தண்ணியும் எங்கம்மா காலத்துலேருந்து சும்மாதான் ஓடுது" என்றாள்.

*

இப்போது அந்தக் கூடையிலிருந்த கிழங்குக்கு வருகிறேன். முடவாட்டுக்கால் உண்மையில் கிழங்கு அல்ல. பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளர்கிற ஒரு பெரணியின் தண்டு. ரோமத்தைச் சீவி, மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு ரசம்போலக் கொதிக்க வைப்பார்கள். சைவ ஆட்டுக்கால் சூப் என்று கொல்லிமலைக் கடைகளில் இன்று பிரசித்தம். மூட்டுவலிக்கு நல்லது என்பது நம்பிக்கை. முடவனையும் ஆட்டுவிக்கும் கால் என்று பெயருக்கே பொருள் சொல்கிறார்கள். இதே இனத்துப் பெரணி ஒன்றைச் சீன வைத்தியத்திலும் எலும்புக்குத்தான் கொடுக்கிறார்கள். அவர்கள் பாஷையில் அதன் பெயருக்கு 'உடைந்த எலும்பை ஒட்டுவது' என்று அர்த்தமாம். ஒருவரையொருவர் கண்டிராத இரண்டு பாட்டிகள் ஒரே செடியை ஒரே வலிக்குக் கொடுத்திருக்கிறார்கள்!

"குத்திக் குத்தித் தோளு விட்டுப் போவும். ராத்திரி இந்தச் சாறுதான் குடிப்போம்" என்றாள் ஆயா. வலி போயிற்றா என்று கேட்டேன். "காலையில மறுபடி குத்துனமே கண்ணு, எப்படிப் போவும்?"

டாக்டர் சொன்ன மருந்தை நிறுத்திவிட்டு இதைக் குடிக்கலாம் என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம். காட்டிலிருந்து பிடுங்கி வருகிற சரக்கு என்பதால், ஆசைக்கு மூட்டையாக வாங்குவதும் தர்மம் அல்ல. ஒரு துண்டு போதும்.

*

"அப்படியென்றால் இந்தச் சாமை எப்படி விளைகிறது? நீங்கள்தான் குத்துவதை விட்டுவிட்டீர்களே?" என்று கேட்டேன்.

"மிஷினு வந்திருச்சில்லே!" என்றாள் ஆயா. முகம் அப்போதுதான் முழுசாக மலர்ந்தது.

சென்னையில் 1988-இல் ஏற்பட்ட எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் கொல்லிமலையில் வேலையை ஆரம்பித்தது. விதைகள் அழியாமல் காப்பது நோக்கம். ஆனால் விதையைக் கொடுத்துவிட்டு, "பழமையைக் காப்பாற்றுங்கள்" என்று சொன்னால் போதவில்லை. உரலடி வேலைதான் பெரிய தடை என்று தெரிந்தது. ஆகவே சாமைக்கும் தினைக்கும் உமி நீக்கும் இயந்திரங்களை மலைக்குக் கொண்டுபோய், பெண்களின் சுயஉதவிக் குழுக்கள் நடத்தும்படி செய்தார்கள். விதை வங்கிகள் வந்தன. அரிசியாகவும் ரவையாகவும் மாவாகவும் பொட்டலம் கட்டி விற்கக் கற்றார்கள். பசுமைப் புரட்சியால் பெயர் பெற்ற டாக்டர் சுவாமிநாதன், சிறுதானிய ஆண்டான அந்த 2023-இலேயே செப்டம்பர் 28-ஆம் தேதி காலமானார். கோதுமைக்கும் நெல்லுக்கும் உழைத்தவர் பெயரிலுள்ள நிறுவனம், கொல்லிமலைச் சாமைக்கும் உழைத்தது.

மரவள்ளி போய்விட்டது, சாமை திரும்பிவிட்டது என்று நான் கதைவிடமாட்டேன். மரவள்ளியும் மிளகும் காப்பியும்தான் ரொக்கம் தருகின்றன. சாமை, வீட்டுக்கென்று ஒரு துண்டு நிலத்தில். கூடுதலாக விளைந்தால் விற்க. ஆனால் முன்பு விட்டுவிட்ட ஆயா, மறுபடி விதைக்கிறாள். அதுதான் எனக்குப் பெரிதாகத் தோன்றியது.

"கையால குத்துன சாமைக்கு ருசி அதிகம்னு சொல்றாங்களே ஆயா?" என்று இவர் கடைசியாக ஒரு அம்பு விட்டுப் பார்த்தார்.

ஆயா யோசித்தாள். "இருக்கும் சாமி. குத்தாம, புடைக்காம, உக்காந்து தின்னவங்க சொன்னா நெசமாத்தான் இருக்கும். நான் அப்பெல்லாம் ருசி பார்த்துத் தின்னதில்லே. எல்லாருந் தின்னு மிச்சம் இருந்தா, தூக்கத்துல தின்னேன். இப்பத்தான் ருசி தெரியுது."

திரும்பி வருகிற வழியெல்லாம் இவர் பேசவே இல்லை. துறையூர் தாண்டியதும், "அந்தக் காலத்தில் எங்கள் அம்மாகூடக் குத்தியிருப்பாள், இல்லை?" என்றார் மெதுவாக. நான் என் மாமியாரை நினைத்துக்கொண்டேன். அவர் வலது தோளைத் தூக்கித் தலைவாரிக்கொள்ள முடியாமல், கடைசிவரை நான்தான் வாரிவிட்டேன். வயசாகிவிட்டது, வாதம் என்று எல்லோரும் சொன்னோம்.

*

வாங்கி வந்த சாமையைச் சமைத்தேன். செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு முறை இதோ.

சாமை அரிசி ஒரு டம்ளர். மூன்று தடவை களைந்து, கல் இருந்தால் அரித்து, இருபது நிமிஷம் ஊற வையுங்கள். இரண்டரை டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, உப்புப் போட்டு, வடித்த சாமையைச் சேர்த்து, தணலைக் குறைத்து மூடிவிடுங்கள். பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் தண்ணீர் சுண்டிவிடும். உடனே திறந்து கிளறாதீர்கள், குழைந்துபோகும். இறக்கி வைத்துப் பத்து நிமிஷம் கழித்து முள்கரண்டியால் பிரித்துவிட்டால் பொலபொலவென்று மல்லிகைப்பூ மாதிரி இருக்கும். மொச்சைக்கொட்டைக் குழம்பு சரியான ஜோடி. மோர் விட்டுப் பிசைந்து, நார்த்தங்காய் தொட்டுக்கொண்டாலும் அமிர்தம்தான்.

கடையில் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பளீரென்று வெளுத்த சாமை வேண்டாம். உமியோடு தவிடும் போய்விட்டது என்று அர்த்தம். நாம் தேடுகிற நார்ச்சத்தில் பெரும்பகுதி அதில்தான். சற்று மங்கலான நிறம் இருக்கட்டும். கால்சியம் வேண்டுமென்றால் கேழ்வரகுதான் ராணி. 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. ஆனால் சாமை சாப்பிட்டால் சர்க்கரை வியாதி பறந்துவிடும் என்று யாராவது சொன்னால், சிரித்துவிட்டு டாக்டரைக் கேளுங்கள். சாமையும் மாவுச்சத்துதான். அளவு அளவுதான்.

நம் பாட்டிகள் சாப்பிட்ட சாப்பாடு உயர்ந்தது என்று இனி யாராவது உங்கள் வீட்டில் ஆரம்பித்தால், சண்டை போடாதீர்கள். உயர்ந்ததுதான். "ஆமாம், நல்ல சாப்பாடு. குத்துறது யாரு?" என்று மட்டும் ஆயாவைப்போல நிதானமாகக் கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுச் சமைக்கிற எந்தப் பழைய சாப்பாட்டையும் நாம் சந்தோஷமாகச் சாப்பிடலாம்.

எங்கள் வீட்டில் இப்போது ஞாயிறுதோறும் சாமைச் சோறு. களைவது, அரிப்பது, கல் பொறுக்குவது எல்லாம் அவருடைய இலாகா. போன ஞாயிறு ஒரு கல் தப்பிவிட்டது. கடித்தது அவர்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. மோர் மட்டும் ஊற்றினேன்.